ஷூட்-அவுட்: ஒரு சொல்லுக்குள் இருக்கும் இரண்டு பக்கங்கள்

(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

ஆயுதம் ஏந்திய இரு தரப்பினர் ஒருவரையொருவர் சுட்டு, ஒரு முடிவு ஏற்படும்வரை நடத்தும் மோதலுக்கு ஆங்கிலத்தில் 'ஷூட்-அவுட்' என்று பெயர். தமிழ்ச் செய்தித்தாள் இதைப் பெரும்பாலும் 'துப்பாக்கிச் சூடு' என்று எழுதுகிறது. சில வேளை 'துப்பாக்கிச் சண்டை' என்கிறது. சினிமாப் பக்கமானால் 'ஷூட்-அவுட்' என்றே விட்டுவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே பொருளுடையன என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவை ஒரே பொருளுடையன அல்ல.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேறுபாட்டை அகராதிக்காரர்களிடம் விட்டுவிட முடியாது. காவல்துறையின் தோட்டாவுக்கு இரையானவர்கள் பற்றிய செய்திகளில் தமிழ்ப் பெயர்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அச்செய்தியை மறுநாள் காலையில் தமிழில் படிப்பவர்களில் இறந்தவரின் தாயும் உண்டு. அவர் கையில் இருக்கும் தாளில் 'சண்டை' என்று அச்சாகியிருக்கிறதா, 'சூடு' என்று அச்சாகியிருக்கிறதா என்பது அவருக்குப் பெரிய செய்தி.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றுதான். 'ஷூட்-அவுட்' என்று எழுதுகிறவர், இரு பக்கமும் சுட்டதாகச் சாட்சி சொல்கிறார். அது தெரிந்தபின்தான் அச்சொல்லையோ அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லையோ எழுத வேண்டும். தெரியாதபோது எழுதுவதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன.

1. சொல்லின் கட்டுமானம்

ஆங்கிலத்தில் 'ஷூட்' என்னும் வினை துப்பாக்கிக்கு மூத்தது. வில்லிலிருந்து அம்பு விடுவதற்கு வழங்கிய சொல்லே துப்பாக்கி வந்தபின் அதற்கும் ஆகிவந்தது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. அம்பை எய்தார்கள், வேலை எறிந்தார்கள். துப்பாக்கி வந்ததும் அந்த இரு வினைகளையும் விட்டுவிட்டுச் 'சுட்டார்கள்'. வெடிமருந்தின் நெருப்புத்தான் தமிழர் கண்ணில் முதலில் பட்டது போலும். 'துப்பாக்கி' என்ற பெயர் துருக்கி மொழியின் வழியாக வந்தது. வினையோ அடுப்படியிலும் சூளையிலும் ஏற்கெனவே இருந்தது. அப்பம் சுடுவதும் செங்கல் சுடுவதும் அதே வினைதான். செங்கல் சுட்ட இடமாதலால்தான் இந்த வட்டாரத்துக்கே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

'ஷூட்' வினையோடு ஒட்டியிருக்கும் 'அவுட்' என்ற துணுக்கே இச்சொல்லின் உயிர். ஆங்கிலத்தில் ஒரு வினையோடு இது சேரும்போது, தொடங்கிய காரியத்தை முடிவு காணும்வரை கொண்டுசெலுத்துதல் என்னும் பொருள் பல இடங்களில் வருகிறது. தமிழில் இதற்கு மிக நெருக்கமானது 'தீர்' என்னும் துணைவினை. பேசித் தீர்த்தல், அடித்துத் தீர்த்தல் என்பவற்றைப் போலச் 'சுட்டுத் தீர்த்தல்' என்று ஒன்றை எண்ணினால் ஷூட்-அவுட்டின் ஒரு பாதி கிடைத்துவிடும். மறு பாதி எதிர்ப்பக்கம். எதிரே நிற்பவரும் சுட வேண்டும். முடிவு காணுதல், எதிரெதிராகச் சுடுதல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே சொல்லின் முழுப்பொருள்.

எழுத்து வழக்கில் இடைக்கோடு இட்டும் இடாமலும் இது எழுதப்படுகிறது. அது பெயர்ச்சொல். வினையாக வரும்போது இரண்டும் தனித்தனிச் சொற்களாகப் பிரியும்.

இச்சொல்லைக் கேட்டதும் உலகம் நினைப்பது அமெரிக்க மேற்குப் பகுதியை. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நகர மார்ஷல் வர்ஜில் எர்ப், அவருடைய சகோதரர்கள் வயட், மார்கன், நண்பர் டாக் ஹாலிடே ஆகியோர் ஒரு பக்கமும், கிளான்டன், மெக்லோரி குடும்பத்தார் மறுபக்கமுமாக மோதினர். ஏறத்தாழ 30 வினாடிகளில் 30 தடவை சுடப்பட்டது, மூவர் இறந்தனர். ஓ.கே. கொரால் என்னும் குதிரைக் கொட்டிலின் பெயரால் அது அறியப்பட்டாலும், உண்மையில் கொட்டிலுக்குள் நடக்கவில்லை. ஒரு புகைப்பட நிலையத்தை ஒட்டிய காலி மனையில் நடந்தது. 1957இல் வந்த ஹாலிவுட் படம் அதை உலகறியச் செய்தது.

படம் காட்டாத ஒன்று இங்கு முக்கியம். சம்பவத்துக்குப் பிறகு நடந்த விசாரணை, ஏறத்தாழ ஒரு மாதம் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: இறந்தவர்கள் சுட்டார்களா, அல்லது கைகளை உயர்த்தி நின்றபோது சுடப்பட்டார்களா? மாவட்ட ஷெரிஃப் ஜானி பீயனின் சாட்சியம் எர்ப் சகோதரர்களுக்கு எதிராக இருந்தது. நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் அவர்கள்மேல் வழக்கைத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தார். உலகிலேயே புகழ்பெற்ற ஷூட்-அவுட்டுக்கே அது ஷூட்-அவுட்தானா என்று கேட்கப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வி சொல்லோடு கூடவே பிறந்தது.

2. அண்டைச் சொற்கள்

'கன்-ஃபைட்' என்பது ஷூட்-அவுட்டுக்கு நெருங்கிய உறவு. பழைய அமெரிக்க மணம் வீசும் சொல். 'ஃபயர்-ஃபைட்' படைவீரர் வழக்கு. போர்முனையில் இரு படைப்பிரிவுகள் சுட்டுக்கொள்வதைச் சொல்லும். இவை எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம் உண்டு.

'ஷூட்டிங்' வேறு. ஒருவர் சுட்டார், இன்னொருவர் மேல் பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நல்ல ஆங்கிலச் செய்தியாளர் ஷூட்டிங்கையும் ஷூட்-அவுட்டையும் மாற்றி எழுதமாட்டார். தமிழ் வாசகருக்கு ஷூட்டிங் என்றால் படப்பிடிப்பு. அதனால் அந்தச் சொல் இந்தப் பொருளில் தமிழுக்குள் வர வழியில்லாமல் போனது. ஷூட்-அவுட் மட்டும் வந்தது. ஒருதரப்புச் செயலுக்குரிய ஆங்கிலச் சொல் வாசலில் நின்றுவிட, இருதரப்புச் செயலுக்குரியது உள்ளே நுழைந்து, இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

3. 'துப்பாக்கிச் சூடு' மறைப்பது

தமிழின் பொதுச்சொல்லான 'துப்பாக்கிச் சூடு' தன்னளவில் குற்றமற்ற சொல். துப்பாக்கியால் சுடுதல் என்பதே அதன் பொருள். ஆனால் அதற்குள் சுட்டவர் இல்லை. 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்னும்போது மழை பெய்தது போல அது தானாக நிகழ்ந்ததாகிவிடுகிறது.

மலேசியத் தமிழ்ச் செய்திகளில் இதைவிடச் சிக்கலான ஒரு வாய்பாடு உண்டு. 'போலீசாருடன் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆடவர் பலி' என்ற வகைத் தலைப்பை அவையோர் எத்தனையோ முறை படித்திருப்பர். இதில் உள்ள 'உடன்' என்னும் உருபு கவனிக்கத்தக்கது. ஒருவரோடு பேசலாம், ஒருவரோடு சண்டையிடலாம், ஒருவரோடு மோதலாம். ஒருவரோடு சுட முடியாது. ஒருவரைத்தான் சுட முடியும். 'சுடு' செயப்படுபொருளைக் கேட்கும் வினை. அந்த இடத்தில் 'உடன்' வரும்போது, சூடு என்ற சொல் தன்னிடம் இல்லாத ஓர் எதிர்ப்பக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இறந்தவரும் சுட்டார் என்று வாக்கியம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்தவர் மனத்தில் அவர் சுட்டவராகவே பதிந்துவிடுகிறார். எழுதியவருக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்திருக்காது. இரவு பதினொரு மணிக்குப் பக்கம் முடிக்கிற துணையாசிரியரின் கை பழகிய வாய்பாட்டை எடுத்துவைக்கிறது. ஆனாலும் விளைவு ஒன்றே.

தமிழில் பரஸ்பரத்தைச் சொல்ல 'கொள்' என்னும் துணைவினை இருக்கிறது; அதுவும் இங்கே தனியாக உதவாது. 'சுட்டுக்கொண்டார்' என்றால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்று பொருள்படும். 'ஒருவரையொருவர்' என்று சேர்த்தால்தான் எதிரெதிர்ச் செயல் ஆகும். தலைப்பில் அந்த நீளம் இடம் கொள்ளாது. 'சண்டை', 'சமர்', 'மோதல்' ஆகிய பெயர்களோ இரு தரப்பைத் தம் பொருளிலேயே கொண்டவை.

இலங்கைத் தமிழ் ஏடுகளின் வழக்கு இவ்விடத்தில் தெளிவாக உள்ளது. ஒருதரப்புச் செயலை 'துப்பாக்கிப் பிரயோகம்' என்பார்கள். பிரயோகம் என்றாலே பிரயோகித்தவர் ஒருவர் உண்டு என்று வாசகர் தேடுவார். இரு பக்கமும் சுட்டிருந்தால் 'பரஸ்பரத் துப்பாக்கிப் பிரயோகம்' என்றோ 'துப்பாக்கிச் சமர்' என்றோ எழுதுவார்கள். நீண்ட போர்க்காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கொடுத்த சமூகத்தின் வழக்கு அது.

4. மலாய் மொழி காட்டும் வழி

இந்த நாட்டில் தமிழ்ச் செய்தியாளருக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் காவல்துறையின் மலாய் அறிக்கை. அதில் மூன்று தொடர்கள் திரும்பத் திரும்ப வரும்.

'பெர்பாலாஸ் தெம்பாக்கான்' என்பது முதலாவது. 'பாலாஸ்' என்றால் பதில். கடிதத்துக்குப் பதில் எழுதுவதும் பாலாஸ்தான். ஒரு வேட்டுக்கு மறுவேட்டுப் பதிலாக வந்தது என்று தொடரின் உடலிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கில ஷூட்-அவுட்டை விடவும் துல்லியமானது இது. 'தெம்பாக்-மெனெம்பாக்' என்ற அடுக்குத்தொடரும் அதே பரஸ்பரத்தைச் சொல்லும்.

இரண்டாவது 'மெலெபாஸ்கான் தெம்பாக்கான்', வேட்டை விடுவித்தல். இது ஒருதரப்புச் செயல். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்று காவல்துறை சொல்லும்போது இத்தொடரே வரும். மூன்றாவது 'தெம்பாக் மாத்தி', சுட்டுக் கொல்லுதல்.

மலாய் அறிக்கை இவற்றை வேறுபடுத்தியே தருகிறது. அறிக்கை சொல்வது உண்மையா என்பது தனிக் கேள்வி. ஆனால் அது எதைக் கோருகிறது என்பதில் குழப்பமில்லை. தமிழுக்கு வரும்போது மூன்றும் 'துப்பாக்கிச் சூடு' என்னும் ஒரே பைக்குள் போய்விழுகின்றன. காவல்துறையே சொல்லாத ஒன்றை அதன் சார்பில் சொல்லிவிடுவதும், அது சொன்னதைச் சொல்லாமல் விடுவதும் இப்படித்தான் நேர்கின்றன.

5. விளையாட்டுத் திடலில்

காற்பந்தில் இச்சொல் துப்பாக்கியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டது. கூடுதல் நேரமும் சமமாக முடிந்தால் வெற்றியாளரை முன்பு காசு சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ தேர்ந்தார்கள். அதற்குப் பதிலாகப் பினால்டி உதைகளால் தீர்மானிக்கலாம் என்னும் முறையை அனைத்துலக விதிக்குழு 1970இல் ஏற்றது. இஸ்ரேலியர் முன்வைத்த யோசனை அது. அதை ஃபிஃபாவின் நடுவர் குழுவில் முன்னின்று வலியுறுத்தியவர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த கோ இயூ டேக். உலகக் கிண்ணப் போட்டியில் முதன்முதலாக இம்முறை தேவைப்பட்டது 1982இல், செவில் நகரில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் மோதிய அரையிறுதியில்.

மலாய் மொழி இங்கே 'பாலாஸ்' என்ற சொல்லைத் தொடவில்லை. 'பெனெந்துவான் செப்பாக்கான் பெனால்தி' என்கிறது. பினால்டி உதையால் முடிவு செய்தல். ஆங்கிலச் சொல்லில் ஒட்டியிருந்த இரண்டு பாதிகளையும் மலாய் பிரித்து, துப்பாக்கிக்குப் பதிலையும் பந்துக்கு முடிவையும் கொடுத்துவிட்டது. தமிழில் 'பினால்டி ஷூட்-அவுட்' என்று எழுதினால் குழப்பம் ஏதும் இல்லை. மாற்ற வேண்டியதும் இல்லை.

வளைகோற்பந்தாட்டத்தில் ஷூட்-அவுட் இன்னும் பரபரப்பானது. ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு 8 வினாடிக்குள் கோல்காவலரைத் தாண்ட வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் மலேசியா இந்தியாவை 7-6 என ஷூட்-அவுட்டில் வென்றபோது கோலைக் காத்தவர் எஸ். குமார். இரண்டு நாள் கழித்து, ஜப்பானுடனான இறுதியாட்டம் 6-6 எனச் சமமாகி, ஷூட்-அவுட்டில் தங்கம் கைநழுவியது. அந்த மாலையைப் பார்த்தவர்களுக்கு இச்சொல்லின் விளையாட்டுப் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திடலில் இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே தூரம், ஒரே நடுவர். அந்தச் சமநிலையின் மணம் செய்திப் பக்கத்துக்குள்ளும் சொல்லோடு சேர்ந்து வருகிறது. பத்துப் போலீசார் ஒரு காரைச் சூழ்ந்த நிகழ்வுக்கு ஷூட்-அவுட் என்று பெயரிடும்போது, வாசகர் தம்மை அறியாமலே அதைச் சமமான ஆட்டமாகக் கற்பனை செய்துகொள்கிறார்.

6. கிள்ளான் பள்ளத்தாக்கின் நிகழ்வுகள்

சொல் பொருந்தும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை. 1970களில் கோலாலம்பூரை நடுங்கவைத்தவர் போத்தாக் சின் என்னும் வோங் சுவீ சின். அவருடைய கும்பல் 1975இல் காவல்துறை அதிகாரி எஸ். குலசிங்கத்தைச் சாலையிலேயே சுட்டது. நெஞ்சில் காயம்பட்டும் அவர் பிழைத்தார். 1976 பிப்ரவரி 16 அன்று ஜாலான் ஈப்போ பகுதியில் ஒரு மரப்பட்டறையில் காவல்துறை போத்தாக் சின்னை வளைத்தது. இரு பக்கமும் சுட்டன. குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பிய அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, 1981 ஜூன் 11 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எந்த அகராதியின்படியும் அது ஷூட்-அவுட். தமிழில் துப்பாக்கிச் சண்டை. அதற்குச் சாட்சிகளும் ஆயுதங்களும் இருந்தன, உயிரோடு ஓர் எதிரியும் இருந்தார்.

பெந்தோங் காளி என்னும் பி. காளிமுத்துவின் முடிவு அடுத்த படி. பல கொலைகளோடு பெயர் தொடர்புபடுத்தப்பட்டு, நாடே தேடிய அவர் 1993 ஜூன் 29 அன்று மேடான் டமன்சாராவில் ஒரு வீட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருதரப்பும் சுட்டதாகவே அது சொல்லப்பட்டுவருகிறது. அவர் குற்றவாளி உலகில் இருந்தவர் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. இருந்தும், இத்தகைய நிகழ்வுகளில் எதிர்ப்பக்கத்துக் கூற்று என்று ஒன்று இருப்பதில்லை. சொல்ல வேண்டியவர் இறந்துவிட்டார். போத்தாக் சின் நிகழ்வுக்கும் இதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நேர்மையான தமிழ் வாக்கியம் ஒன்று காட்டிவிடும்: 'துப்பாக்கிச் சண்டையில் இறந்ததாகக் காவல்துறை கூறியது.' 'ஆக', 'கூறியது' என்னும் இரண்டு சிறு சொற்கள் போதும்.

2010 ஏப்ரலில் ஷா ஆலாமில் நடந்தது முற்றிலும் வேறு. நள்ளிரவில் கார் ஓட்டிச் சென்ற பதின்வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் காவல்துறை விரட்டிச் சென்றபோது சுடப்பட்டு இறந்தான். காரில் பாராங் கத்தி இருந்ததாகக் காவல்துறை முதலில் கூறியது, குடும்பத்தார் மறுத்தனர். காரிலிருந்து ஒரு தோட்டாவும் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் மீது வழக்கு நடந்தது. 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் குற்றவாளி என்றது, உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. சட்டப்படி முடிவு எதுவாக இருந்தாலும் மொழிப்படி இது 'ஷூட்டிங்'. சிறுவன் சுடப்பட்டான். 'போலீசாருடன்' என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

சட்டம் இவ்விஷயத்தில் செய்தித்தாளை விடக் கவனமானது. 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் தண்டனை உயர்வுச் சட்டம், குறிப்பிட்ட குற்றங்களைச் செய்யும்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டவருக்கு, யாருக்கும் காயம் படாவிட்டாலும் மரண தண்டனை என்றது. 2023இல்தான் அத்தண்டனையின் கட்டாயம் நீங்கி நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. அச்சட்டம் கேட்பது யார் சுட்டார், எந்த எண்ணத்தோடு சுட்டார் என்பதை. காவல்துறையின் தோட்டாவால் ஒருவர் இறக்கும்போது, இறந்தவர் தரப்பு கொலை முயற்சி செய்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 307ஆம் பிரிவில் விசாரணை தொடங்குவது வழக்கம். அதாவது முதல் நாளே 'இரு பக்கமும்' என்ற கோரிக்கை கோப்பில் ஏறிவிடுகிறது. அது கோரிக்கை, தீர்ப்பு அன்று. மரண விசாரணை நடத்தும் நீதிமன்றம் ஒன்று இருப்பதே அந்தக் கோரிக்கையைச் சோதிப்பதற்காக.

7. தமிழ்நாட்டிலிருந்து வந்த 'என்கவுன்டர்'

மலேசியத் தமிழ் இளைஞர் பேச்சில் இப்போது 'என்கவுன்டர்' நன்றாகப் புழங்குகிறது. திரைப்படங்கள் கொண்டுவந்தது அது. ஆங்கிலத்தில் எதிர்பாராத சந்திப்பு என்று பொருள்படும் இச்சொல், இந்தியாவில் காவல்துறையோடு ஏற்படும் மோதலுக்கும் அதில் நேரும் மரணத்துக்கும் பெயராகிவிட்டது. மும்பையில் 1991 நவம்பர் 16 அன்று லோகண்ட்வாலா குடியிருப்பில் மாயா டோலாஸ் உள்ளிட்ட கும்பலோடு பல மணி நேரம் நடந்தது உண்மையான துப்பாக்கிச் சண்டை. அதைப் பற்றிய இந்திப் படத்தின் பெயரிலேயே ஷூட்-அவுட் என்ற சொல் உண்டு. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் இறந்த நிகழ்வையும் தமிழ்நாடு அரசு அவ்வாறே விவரித்தது. அந்த விவரிப்பைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு.

இங்கே மொழியில் நேர்ந்த ஒரு மாற்றம் மனத்தை உறுத்துகிறது. 'என்கவுன்டரில் இறந்தார்' என்பது முதல் வடிவம். இப்போது 'என்கவுன்டர் செய்யப்பட்டார்' என்கிறார்கள். சந்திப்பு என்னும் பெயர் செயப்பாட்டு வினையாகிவிட்டது. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது அது என்று மக்கள் வாய், எந்த விசாரணைக்கும் முன்பே, உணர்ந்து சொல்கிறது. அதே வாய் அதைத் தவறென்று சொல்லாமல் பல நேரம் பாராட்டாகச் சொல்கிறது என்பதே வருத்தம். இந்திய உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில், இத்தகைய ஒவ்வொரு மரணத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், தனி அமைப்பொன்று விசாரிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. சொல்லை நம்பாமல் நிகழ்வைப் பாருங்கள் என்பதே அதன் உட்பொருள்.

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை சுட்டதை எவரும் ஷூட்-அவுட் என்று எழுதவில்லை. 'துப்பாக்கிச் சூடு' என்றே எழுதினார்கள். கூட்டத்தின்மீது அரசு சுடுவதற்கு அத்தொடர் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. அங்கே அது சரியாகவே பொருந்துகிறது. சிக்கல், அதே தொடரைக் கொள்ளையனும் போலீசாரும் சுட்டுக்கொள்வதற்கும் பயன்படுத்துவதில்தான்.

8. அவசரகாலத்தின் சொற்கள்

1948இல் தொடங்கிய அவசரகாலம் சிலாங்கூருக்கு இரு வகைப் பாடங்களை விட்டுச்சென்றது. 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 கிராமத்தவரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பதே அரசுத் தரப்பின் விளக்கமாக இருந்தது. உறவினர்கள் லண்டன் வரை வழக்காடினர். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. இறந்தவர்கள் பக்கத்தில் ஒரு துப்பாக்கியும் இல்லாத அந்த நிகழ்வுக்குப் 'படுகொலை' என்பதைத் தவிர வேறு தமிழ்ச் சொல் இல்லை.

தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ரவாங் அருகே கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காகக் கைதாகி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டே இல்லை, வைத்திருந்ததே குற்றம். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானின் ஜெலுபுவில் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருநாள் இடைவெளியில் நேர்ந்த இந்த இரு மரணங்களையும் ஒரே மூச்சில் 'துப்பாக்கியோடு பிடிபட்டவர்கள்' என்று எழுதிவிடுவது எளிது. கணபதியின் மரணம் நீதிமன்ற வழியில் வந்தது, வீரசேனனுடையது காட்டில் வந்தது என்று பிரித்து எழுதுவதே வரலாறு. புடு சிறை நின்ற இடத்தில் இன்று அங்காடி வளாகம் நிற்கிறது. அங்கே யார் எதற்காகத் தூக்கிலிடப்பட்டார் என்று சொல்ல எழுத்து ஒன்றே மிச்சம்.

9. கிள்ளான், 1941

கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டியது தமிழர் வரலாற்றில் இப்பள்ளத்தாக்கின் மிகப் பெரிய நிகழ்வு. 'தமிழ் நேசன்' ஏட்டின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1941இன் முதல் பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தம் பரவியது.

தொழிலாளர்கள் கேட்டவை இவை: சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. சைக்கிளில் அமர்ந்தபடி ஒரு மனிதரைக் கடந்து போவதற்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை இன்றைய தலைமுறை நின்று நினைக்க வேண்டும்.

மே 6 அன்று நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் விரிந்தது. படை அழைக்கப்பட்டது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பந்திங் அருகே சுங்கை சீடு தோட்டத்தில் படையினர் கூட்டத்தின்மீது சுட்டனர், தொழிலாளர்கள் இறந்தனர். பலர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

காலனிய ஆவணங்களில் இதற்கு வழங்கும் சொல் குழப்பம், கலவரம் என்ற பொருளுடையது. தமிழில் எழுதுவோரும் பலகாலம் 'கிள்ளான் கலவரம்' என்றே எழுதிவந்தனர். 'கலவரம்' இரு தரப்பைக் குறிக்காது. ஒழுங்கு குலைந்ததை மட்டும் குறிக்கும். ஒழுங்கைக் குலைத்தவர் என்ற பழி கூட்டத்தின்மேல் தானாகப் போய் உட்காரும். தொழிலாளர்களிடம் துப்பாக்கி இல்லாததால் 'சண்டை', 'மோதல்' என்பனவும் பொருந்தா. நிகழ்வின் முழுப் பெயர் 'கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம்'. அதற்குள் மே மாதத்தில் நேர்ந்த அந்த ஒரு நாளுக்குத் 'துப்பாக்கிச் சூடு' என்ற பழைய தொடர் போதும், சுட்டவரை முன்னால் சேர்த்து எழுதினால்: சுங்கை சீடு தோட்டத்தில் தொழிலாளர்கள்மீது படையினர் நடத்திய துப்பாக்கிச் சூடு.